அம்பத்தூர் மாடியில் கொஞ்சம் கூடுதல் வெயில்

சென்னைக்குப் போகிறேன் என்றதும் மலேசியாவின் ஈப்போவில் என் மனைவி பட்டுப்புடவைக் கடைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். சென்னை இல்லை, அம்பத்தூர் என்று திருத்தினேன். "அது சென்னையா இல்லையா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். போய்த் தங்கி, சுற்றி, திரும்பி வந்த பிறகும் அந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சோலார் பேனல் எவ்வளவு மின்சாரம் தரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவன் நான். சாதாரணப் பேனல் என்றால் இதில் பெரிய வித்தை கிடையாது. நாங்கள் சோதிப்பது புது ரகம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. மேலடுக்கு நீல வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். அது விட்டுவைக்கும் சிவப்பு வெளிச்சம் கீழடுக்குக்கு. போதாததற்கு முதுகிலும் கண்ணாடி. தரையில் பட்டு மேலே எழும்பும் வெளிச்சம் அந்த வழியாக நுழைந்து கீழடுக்குக்குப் போய்ச் சேரும். இரண்டு அடுக்கும் சேர்ந்து வேலை செய்வது, இரண்டு பேர் மாடிப்படியில் பீரோ தூக்குவது போல. ஒருவர் மட்டும் விறுவிறுவென்று ஏறிப் பயனில்லை. எங்கள் பேனலில் தளர்ந்து நடப்பது கீழே இருக்கும் ஆள். முதுகுப்பக்கத்து வெளிச்சம் அவருக்குத் தெம்பு கொடுக்கும். எவ்வளவு தெம்பு என்பதைச் சொல்வதில்தான் என் பிழைப்பு இருக்கிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மொட்டை மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம் சில பேனல்களை வைத்திருந்தது. மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து அவை நான் சொன்னதைவிட அதிகமாக மின்சாரம் தந்துகொண்டிருந்தன. குறைந்தால் தூசி, காக்கை எச்சம், தளர்ந்த கம்பி என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அதிகமானால் என்ன சொல்வது? மழை கழுவிவிட்டதால் இருக்கும் என்று முதலில் நினைத்தோம். மழை நின்று, பனியும் விலகிய பிறகும் அதே கதைதான்.

எங்கள் தலைவர் மலாய்க்காரர், நிதானமானவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இல்லாத வெளிச்சத்தைப் பேனல் தின்னாது. வெளிச்சத்தை அளக்கும் கருவிகள் புதியவை, தாமாகவே எண்ணை அனுப்புகின்றன. மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணை அனுப்புவது மட்டும்தான் ஒரு மனிதக் கை. நீ தமிழன்தானே, போய்ப் பேசிப் பார்." அந்தக் கைக்குச் சொந்தக்காரி கலைச்செல்வி என்ற பெண். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். என் அறிக்கையைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்களாம்.

தமிழன் என்ற தகுதி விமான நிலைய வாசலோடு சரி. என் இரண்டு பெட்டிகளில் ஒன்று என்னோடு வந்து சேரவில்லை. வராத பெட்டியில்தான், கலைச்செல்வியின் மீட்டரோடு ஒத்துப்பார்க்க நான் எடுத்துவந்த நுட்பமான மீட்டர் இருந்தது. அது எந்த ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, சிலோனா?"

"மலேசியா."

"மலேசியாவா! இங்கேர்ந்து அல்லாரும் அங்க ஓடிகினு கீறான், நீ இன்னாத்துக்கு இங்க வந்துகினு கீறே?"

அவர் சொன்னதில் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திருமுல்லைவாயிலில் எனக்கு அறை. அங்கே போய்ச் சேரும்வரை அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை தொழிற்பேட்டை. கீழே பட்டறையில் இரும்புச் சட்டங்களைத் துளைக்கும் சத்தம் காதைப் பிடுங்கியது. படியேறி மாடிக்குப் போனால் கண்ணைப் பிடுங்கியது. தரை முழுவதும் வெள்ளைப் பெயின்ட். அதன்மேல் முழங்கால் உயரத்தில், சாய்வாக, எங்கள் பேனல்கள். துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பதைத் தொடாத வயது.

"டிபன் ஆச்சா சார்?"

எங்கள் ஊரில் "பசியாறினீர்களா?" என்போம். ஆச்சு என்றேன்.

"என்ன விசாரிக்கத்தான வந்துருக்கீங்க?" என்று உடனே அடுத்ததைக் கேட்டாள். "தெரியும் சார். பொய்க் கணக்கு அனுப்புறியான்னு மெயில்லயே கேட்டாங்க. போன வாரத்துலேர்ந்து பாஸ்வேர்டையும் எடுத்துட்டாங்க. டெய்லி வரேன், தொடைக்கிறேன், போறேன்."

பேனல்களைப் பார்க்க வந்தேன் என்று மழுப்பினேன். அவள் மீட்டரைத் திறந்து காட்டினாள். அது நான் கணக்கிட்டதைவிட அதிகமாகவே காட்டியது. நான் நிற்கும்போதே காட்டியது. ஆனால் அந்த மீட்டர் பல மாதங்களாக அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. அதையே ஏதாவது செய்திருக்கலாம் அல்லவா? என் மீட்டர் இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவ்வளவு நுட்பமான கருவி கடைகளில் கிடைக்கிற சரக்கில்லை.

தேநீர் குடிக்கக் கீழே இறங்கினோம். கடை வாசலில் வடக்கத்தி இளைஞர்கள் இரண்டு பேர் மாடியைக் காட்டி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் பழகிப் பழகிக் கலைச்செல்விக்கு இந்தி தெரியும். அவள் எனக்குச் சொன்னாள்: "அது அடியில துணி காயப்போட்டா சீக்கிரம் காயும்னு ஒருத்தர் சொல்றாரு சார். ஷாக் அடிக்கும்டா, சட்டை போட்டா நீயும் பல்பு மாதிரி எரிவேன்னு இன்னொருத்தர் சொல்றாரு." நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பொய்க் கணக்கு எழுதுகிறவள் இப்படிச் சிரிப்பாளா என்று யோசித்தேன். ஏன் சிரிக்கக் கூடாது என்றும் யோசித்தேன். தேநீர் பிரமாதம். எங்கள் தே தாரிக்கை ஆற்றுகிற மாதிரியே கையை நீட்டி ஆற்றுகிறார்கள். ஆனால் குவளை அதில் பாதி கூட இல்லை. நான் இன்னொன்று வாங்கிக் குடித்ததைக் கடைக்காரர் வினோதமாகப் பார்த்தார்.

மாலையில் அறைக்குத் திரும்ப ரயிலேறினேன். அம்பத்தூருக்கு அடுத்தது திருமுல்லைவாயில், குழம்ப ஏதுமில்லை என்று தைரியமாக வாசலருகே நின்றேன். திருமுல்லைவாயில் வந்தது. பெயர்ப்பலகையும் வந்தது. ரயில்தான் நிற்கவில்லை. "இது பாஸ்ட்டு பா, ஆவடிதான்," என்றார் பக்கத்தில் நின்றவர். ஆவடியில் இறங்கி, திரும்பி வரும் ரயிலைக் கேட்டால் ஒருவர் இந்தப் பக்கம் என்றார், இன்னொருவர் அந்தப் பக்கம் என்றார். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, பசி தாங்காமல் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ரொட்டி சானாய்க்கு இது நெருங்கிய சொந்தம். சால்னாவை மட்டும் கேட்காமலே மேலே ஊற்றிவிடுகிறார்கள்.

அடுத்த நாள் முழுவதும் சோதித்தேன். கம்பிகள் சரி. சாய்வு சரி. பேனல்களின் முன்பக்கம், முதுகுப்பக்கம் இரண்டும் பளிச்சென்று இருந்தன. வெளிச்சத்தை அளக்க அங்கே இரண்டு கருவிகள் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிக் கண்கள். ஒன்று வானத்தைப் பார்க்கும். இன்னொன்று பேனல் வரிசைக்கு அடியில் கவிழ்ந்து தரையைப் பார்க்கும். தரையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் எழும்புகிறது என்று அது சொல்வதை வைத்துத்தான், முதுகுப்பக்கம் எவ்வளவு தரும் என்று நான் கணக்கிடுகிறேன். இரண்டும் ஒழுங்காக எண்களை அனுப்பிக்கொண்டிருந்தன; அது போதும் என்று விட்டுவிட்டேன். மதியம் கலைச்செல்வி தன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினாள். சோறு, காரக்குழம்பு, முட்டைப் பொரியல்.

"எங்கம்மா கட்டுனது. வேலைல பிரச்சனைன்னு ஊட்ல யாருக்கும் சொல்லல சார். அம்மாக்கு பி.பி. கீது. அவங்கம்மா அப்பால்லாம் இங்க வயல்ல கூலிக்கு நட்டவங்க. இவங்க எக்ஸ்போர்ட் கம்பெனில தையல். நான் ஒருத்திதான் டிப்ளமா. எம் பொண்ணு சூரியன அளக்குதுன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்காங்க."

குழம்பின் காரத்தில் எனக்குக் கண் கலங்கியது. காரம் மட்டும் காரணமில்லை. இந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளை நம்பவும் வழி தெரியவில்லை.

மூன்றாம் நாள் காட்டுப்பாக்கம் போனேன். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடியில் இதே பேனல்கள், இதே கண்கள், இதே வெள்ளைத் தரை. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே மீட்டரை யாரும் பார்த்து எழுதுவதில்லை, அதுவும் தானாகவே அனுப்பிவிடும். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது என் மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வந்து விழுந்தது. அதற்குச் சொந்தக்காரியான அம்மாள் வாங்கிக்கொள்ளவே இல்லை. "உன் கிட்டயே கெடக்கட்டும் நைனா, எறங்கசொல்ல குடு," என்றார். இறங்கும்வரை கீரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். காட்டுப்பாக்கம் என்று கூவித்தான் ஏற்றினார். குமணன்சாவடி வந்ததும் "இதுக்கு மேல போவாது, எறங்கு," என்றார். ஏன் போகாது என்று கேட்டேன். "போவாது," என்றார். லாரிகளும் தண்ணீர் வண்டிகளும் நாற்புறமும் ஹாரன் அடிக்க, தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள் நிழல் கொடுக்க, நடந்தே போனேன்.

குடியிருப்பின் செயலர் மதுரைக்காரர், மென்பொருள் வேலை. சாவியைத் தேடி எடுக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. "மாடிக்கு நாங்க யாருமே போறதில்லைங்க. நீங்க பேனல் வச்சிட்டுப் போன அன்னைக்குப் பூட்டினதுதான்," என்றார். பூட்டு துருப்பிடித்திருந்தது. பேனல்களில் தூசி. அங்கே என் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. தூசிக்காக நான் கழித்திருந்தது உட்பட அத்தனையும் சரி.

கவனிக்க ஆளில்லாத இடத்தில் கணக்கு சரியாக இருக்கிறது. தினமும் ஒருத்தி பார்த்துப் பார்த்துத் துடைக்கிற இடத்தில் தப்பாக இருக்கிறது. தொலைபேசியில் தலைவரிடம் சொன்னேன். அவர் வருத்தத்தோடுதான் பேசினார். "கை இல்லாத இடத்தில் சரி. கை இருக்கிற இடத்தில் தவறு. இதற்கு மேல் என்ன வேண்டும்? அறிக்கையை எழுதிவிடு." திரும்பும் வழியில் பூந்தமல்லியில் பிரியாணி வாங்கினேன். தட்டு நிறைய இருந்தது, பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மாடிக்குப் போனபோது கலைச்செல்வி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல், தலைவர்மேல், காணாமல்போன பெட்டிமேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் கணக்கின்மேல். பேனலின் முதுகுக்கு அப்படி எங்கிருந்துதான் வெளிச்சம் வருகிறது, பார்த்தே விடுவோம் என்று கைக்குட்டையை விரித்து வெள்ளைத் தரையில் மல்லாந்து படுத்து, பேனலுக்கு அடியில் நகர்ந்தேன்.

"சார்! சார்! இன்னா ஆச்சு? மயக்கமா?"

"இல்லை. சும்மா இரு."

தரை முதுகைச் சுட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். எனக்கு நேர் மேலே அந்தக் கீழ்நோக்கிய கண்ணாடிக் கண். அதன் நடுவில், காய்ந்து வெடித்த சந்தனமும் அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டும்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. "கலைச்செல்வி, இங்கே வா," என்றேன். அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்தாள். விரலை நீட்டிப் பொட்டைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றாள். "ஆயுத பூஜைக்கு."

எழுந்து உட்கார்ந்து சொன்னாள். "கீழ லேத்து, டிரில்லிங் மிஷின் அல்லாத்துக்கும் பொட்டு வெச்சாங்க. பட்டறை ஸ்கூட்டருக்கு மாலை கூட போட்டாங்க. இதுங்க மட்டும் மேல சும்மா நின்னுகினு கீது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கண்ணாடில வெச்சா வெயில மறைக்கும், அது கூடவா தெரியாது எனக்கு? ஒவ்வொரு பேனலுக்கும் அலுமினிய பிரேம்லதான் வெச்சேன், மழைல அதுங்க போயிடுச்சு. கடைசியா இது. அடியில குனிய முடில. கைய உள்ள வுட்டுத் தடவி, சுத்தி கீற வளையத்துல வெக்கிறேன்னுதான் நெனச்சேன்."

"கீழ்க்கண்ணைத் தொடவே கூடாது, அதில் தூசி படியாது என்று எழுதி அனுப்பியிருந்தேனே?"

"தொடல சார். அதனாலதான் அத மட்டும் ஒரு நாள் கூட தொடைக்கல." கொஞ்சம் தயங்கினாள். "பூஜைக்குத் தொடுறது தொடுறதா சார்?"

எங்கள் வீட்டுக் காருக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு உண்டு. நானே வைப்பேன்.

விஷயம் இவ்வளவுதான். பொட்டு வைத்த கண்ணுக்குப் பாதி பார்வைதான் இருந்தது. தரை மங்கலாக இருக்கிறது என்று அது மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அதை நம்பி முதுகுப்பக்கத்துக்குக் குறைத்தே எழுதிக்கொண்டிருந்தேன். பேனல்களோ பளிச்சிடும் வெள்ளைத் தரையின் வெளிச்சம் முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்தன. காட்டுப்பாக்கத்தில் பூஜை போட ஆளில்லை, அதனால் கண்ணுக்குப் பழுதில்லை.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது. "அப்போ தப்பு என் மேலதான்," என்றாள்.

"அழுக்கு படிந்திருந்தது என்று எழுதிவிடுகிறேன்," என்றேன். "யார் வைத்தது, எப்போது வைத்தது என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது."

"வேணாம் சார்."

"ஏன்?"

"அழுக்கு இல்லயே அது. நான்தான் வெச்சேன்னே எழுதுங்க. வேல போனா போவட்டும், வேற பாத்துக்கிறேன். பொய் எழுதுறவன்னு சொல்லிட்டாங்க, அதுதான் சார் தூக்கமே வரல. இப்போ நீங்க எனக்காக ஒரு பொய் எழுதினா, அது நெசம் ஆயிடாது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே, பேனல் நிழலில் உட்கார்ந்தபடி தலைவரை அழைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"பொட்டு என்றால் என்ன?" என்றார்.

சொன்னேன்.

"மனிதர்கள் நெற்றியில் வைப்பதுதானே? அதைக் கருவிக்கு ஏன் வைத்தாள்?"

"வருடத்தில் ஒரு நாள் இங்கே எல்லாரும் வைப்பார்கள். நமக்காக உழைக்கிறதே என்று."

"கருவிக்கா?"

"கருவிக்குத்தான்."

அவரும் குழம்பினார் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். பிறகு, "துடைக்கச் சொல். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்," என்றார்.

கலைச்செல்வி பஞ்சை நனைத்து எடுத்து வந்தாள். இந்த முறை தடவிப் பார்க்கவில்லை. தரையில் முழுதாகப் படுத்து, கண்ணைப் பார்த்துக்கொண்டே துடைத்தாள். குங்குமம் கரைந்து அவள் மணிக்கட்டில் வழிந்தது. நான் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். திரையில் இரண்டு கோடுகள். மேலே ஓடுவது மீட்டர் சொல்வது, அதாவது அவள் அனுப்பி வந்த கணக்கு; இன்றைய எண்ணை மீட்டரைப் பார்த்து நானே ஏற்றியிருந்தேன். கீழே ஓடுவது நான் கணக்கிட்டது. புதிய எண்கள் வரக் காத்திருந்தோம். வந்தன. என் கோடு மேலே ஏறத் தொடங்கியது. ஏறி ஏறி அவள் கோட்டை ஒட்டிக்கொண்டு நின்றது. அவளுடையது இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

"அப்போ நான் அனுப்பினது அல்லாமே..." என்றாள்.

"எல்லாமே சரி. ஆரம்பத்திலிருந்து."

தலைவர் அவளிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "எஸ் சார், எஸ் சார், தாங்க்யூ சார்," என்று மட்டும் சொன்னாள். இனி தொடமாட்டேன் என்றும் சொன்னாள். அடுத்த மாதமும் அவள்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று, தன் போனை எடுத்தாள். கீழே துளைக்கும் சத்தம் நின்றிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம்.

"அம்மா... ஒண்ணும் இல்லம்மா. ஆங், சாப்ட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல, வேல நல்லாத்தான் போவுது. சும்மாதாம்மா போன் பண்ணேன்... அழுவலம்மா, சும்மாதான்."